30 சதவீதம் சரி, மீதி வாக்கியம் எங்கே?

கேள்வி இது: "2030க்குள் பூமியில் 30 சதவீதத்தைப் பாதுகாக்கப் போவதாக உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன என்கிறார்கள். இந்தியாவில் காப்பகங்கள் 5 சதவீதம்தான் என்று ஒரு இடத்தில் படிக்கிறேன். 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டோம் என்கிறது அரசு அறிக்கை. எது சரி? பெங்களூரில் பன்னேர்கட்டா சாலைப் பக்கம் குடியிருக்கும் எனக்கு இதில் என்ன இருக்கிறது?"

இரண்டு எண்ணும் சரிதான். எதை எண்ணினார்கள் என்பதில்தான் வித்தியாசம். பன்னேர்கட்டா சாலையில் இருப்பவருக்கு இதில் நிறையவே இருக்கிறது. அதற்கு முன் இந்த 30 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

1992 ஜூனில் ரியோ டி ஜெனிரோவில் உயிரியல் பன்முகத்தன்மை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1994இல் சேர்ந்தது. அமெரிக்கா கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்றுவரை உறுப்பினர் ஆகவில்லை. ஒப்பந்தம் என்றாலும் அதில் சதவீதக் கணக்கு எதுவும் இல்லை. எண்கள் பின்னால் நடந்த மாநாடுகளில் வந்தவை. 2010இல் ஜப்பானின் நகோயாவில் 20 இலக்குகளை ஏற்றுக்கொண்டார்கள். அந்த நகரம் இருக்கும் ஐச்சி மாகாணத்தின் பெயராலேயே ஐச்சி இலக்குகள் என்று அவற்றைச் சொல்வது வழக்கம். அதில் 11ஆவது: 2020க்குள் நிலத்திலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் 17 சதவீதம், கடலில் 10 சதவீதம்.

2020இல் ஐ.நா. கணக்குப் பார்த்தபோது 20 இலக்குகளில் ஒன்றுகூட முழுதாக நிறைவேறவில்லை. ஆறு மட்டும் அரைகுறையாகத் தேறின. அந்த ஆறில் 11ஆவதும் ஒன்று. எப்படித் தேறியது என்பதில்தான் விஷயம். பரப்பளவு கிட்டத்தட்ட வந்துவிட்டது. நல்ல நிர்வாகம், ஒன்றோடொன்று இணைந்த காடுகள், முக்கியமான இடங்களைச் சேர்ப்பது போன்ற மற்ற நிபந்தனைகள் வரவில்லை. எண்ணக்கூடியதை எண்ணினோம், எண்ணக் கடினமானதை விட்டுவிட்டோம்.

அடுத்த சுற்றுக்குச் சீனா தலைமை. கொரோனாவால் கூட்டம் தள்ளித் தள்ளிப் போய், முதல் பாதி 2021இல் குன்மிங்கிலும் மறுபாதி 2022 டிசம்பரில் கனடாவின் மான்ட்ரியலிலும் நடந்தது. அங்கே ஏற்கப்பட்டதுதான் குன்மிங்-மான்ட்ரியல் சட்டகம்: 4 நீண்டகால நோக்கங்கள், 2030க்கான 23 இலக்குகள். நீங்கள் கேட்கும் 30 சதவீதம் அதில் 3ஆவது இலக்கு. நிலத்தில் 30, கடலில் 30.

அந்த இலக்கு ஒரே ஒரு நீண்ட வாக்கியம். தலைப்புச் செய்திகள் முதல் பாதியோடு நின்றுவிடும். முழுதாகப் படித்தால், அந்த 30 சதவீதம் உயிர்ப்பன்மைக்கு முக்கியமான இடங்களாக இருக்க வேண்டும், பலன் தரும்படி நிர்வகிக்கப்பட வேண்டும், பல வகையான வாழிடங்களையும் பிரதிபலிக்க வேண்டும், ஒன்றோடொன்று நன்றாக இணைந்திருக்க வேண்டும், நியாயமாக ஆளப்பட வேண்டும், பழங்குடியினரும் உள்ளூர் மக்களும் தங்கள் பாரம்பரிய நிலத்தின் மேல் கொண்டுள்ள உரிமையை மதிக்க வேண்டும் என்று போகிறது. இன்னொன்று, இது உலகம் முழுவதற்குமான கூட்டு எண். ஒவ்வொரு நாடும் தனித்தனியாக 30ஐத் தொட வேண்டும் என்று அதில் இல்லை. இதைத் தெரியாமல் "இந்தியா தோற்றுவிட்டது" என்று எழுதுபவர்களும் உண்டு.

உலகக் கணக்கு 2024 அறிக்கைப்படி நிலத்தில் 17.6 சதவீதம், கடலில் 8.4 சதவீதம். நிலத்தில் மீதமிருப்பது பிரேசிலையும் ஆஸ்திரேலியாவையும் சேர்த்தால் வரும் பரப்பளவு. அதுவும் 2030க்குள்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நான்கு வகை உண்டு: தேசியப் பூங்கா, சரணாலயம், பாதுகாப்புக் காப்பகம், சமூகக் காப்பகம். கடைசி இரண்டும் 2002 திருத்தத்தில் வந்தவை. இந்த நான்கையும் கூட்டினால் நாட்டின் நிலப்பரப்பில் 5 சதவீதத்துக்குச் சற்று மேல். நீங்கள் படித்த முதல் எண் இதுதான்.

ஐச்சி இலக்குக்காக ஐ.நா.வுக்குக் கொடுத்த ஆறாவது தேசிய அறிக்கையில் இந்தியா 20 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பின் கீழ் இருப்பதாகவும், 17ஐத் தாண்டிவிட்டதாகவும் சொன்னது. காப்புக்காடுகள் போன்ற மற்ற நிலங்களையும் சேர்க்காமல் 5 ஒருபோதும் 20 ஆகாது. இதைப் பித்தலாட்டம் என்று ஒரேயடியாகத் தள்ள நான் தயாரில்லை. ஓசூர் வனக்கோட்டத்தின் காப்புக்காடுகளில் யானைகள் பல தலைமுறைகளாக வாழ்ந்தன. 2014இல் அவற்றில் ஒரு பெரும் பகுதி, சுமார் 504 சதுர கி.மீ., காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆனபோது யானைகளுக்கு எந்தச் செய்தியும் போகவில்லை. ஆனால் காப்புக்காடு என்ற அதே பெயரில் வரிசையாக நட்ட தைலமரத் தோப்பும் இருக்கும், வனத்துறைக்குச் சொந்தமானதாய். அட்டவணையில் இரண்டும் ஒரே வரியில் வரும். இந்திய வன நிலை அறிக்கை சொல்லும் காட்டுப் பரப்பு என்பது இன்னும் தாராளமானது. ஒரு ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் இருந்து, மரக்கிளைகளின் நிழல் 10 சதவீதம் விழுந்தால் போதும். யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வி இல்லை. தென்னந்தோப்பும் காபித் தோட்டமும் உள்ளே வந்துவிடும். அந்த அறிக்கையின் 2023 பதிப்பில் வரும் 21.76 சதவீதத்தை எடுத்துவந்து 30க்குப் பக்கத்தில் வைத்துப் பேசுபவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

இப்போது புதிதாக ஒரு வகை வந்திருக்கிறது. காப்பகம் என்று சட்டப்படி அறிவிக்கப்படாவிட்டாலும், நடைமுறையில் உயிர்ப்பன்மையைக் காக்கும் இடங்களைக் கணக்கில் சேர்க்கலாம் என்று 2018இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில் இலக்கணம் வகுத்தார்கள். கோயில்காடு, ராணுவ நிலம், ஊர்க்காரர்கள் காக்கும் ஏரி, எதுவாகவும் இருக்கலாம். நோக்கம் வேறாக இருந்தாலும் பலன் நீண்டகாலத்துக்கு நிலைக்க வேண்டும் என்பதே நிபந்தனை. இந்தியாவில் முதலில் இந்தப் பட்டியலில் ஏறியது குருகிராமின் ஆரவல்லி உயிர்ப்பன்மைப் பூங்கா, 2022 பிப்ரவரியில். சுரங்கம் தோண்டிப் பாழான நிலத்தை ஊர்மக்களும் தன்னார்வலர்களும் திரும்ப வளர்த்தெடுத்த இடம் அது.

இந்த ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். ஏனென்றால் நம் பக்கத்துப் பாதுகாப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. கர்நாடகத்தின் மத்தூர் பக்கம் கொக்கரே பெல்லூரில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டு முற்றத்துப் புளியமரத்திலும் அத்திமரத்திலும் கூடு கட்டும். ஊரே அவற்றைத் தாங்கும். 2007இல்தான் அது சமூகக் காப்பகம் ஆனது. திருநெல்வேலிக்காரர்களுக்குக் கூந்தன்குளம் நினைவுக்கு வரும். பெங்களூர் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் தேவனஹள்ளி பக்கம் நல்லூர் புளியந்தோப்பு இருக்கிறது, 54 ஏக்கர். நாட்டின் முதல் உயிர்ப்பன்மைப் பாரம்பரியத் தலம் என்று 2007இல் அறிவிக்கப்பட்டது. இதற்குச் சட்டம் வேறு, 2002இன் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம். அதை நடத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. நம்மவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி 2022இல் இதே வகையில் அறிவிக்கப்பட்டது. 2024 இறுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அந்தப் பகுதி சிக்கியபோது ஊர்மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அறிவிப்பு இருந்தும் ஏலம் வரை போனது என்பதையும் கவனியுங்கள்.

பயமும் இருக்கிறது. இலக்கணம் தளர்ந்தால், வளாகத்தில் நூறு மரம் வைத்திருக்கும் எந்தத் தொழிற்சாலையும் தன் நிலத்தை இந்தக் கணக்கில் நுழைக்கப் பார்க்கும். சதவீதத்தை உயர்த்த வேண்டிய அவசரத்தில் இருக்கும் அதிகாரியும் தடுக்கமாட்டார்.

இனி பன்னேர்கட்டா. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான்.

பன்னேர்கட்டா தேசியப் பூங்கா 260.51 சதுர கி.மீ. வடக்கே நகரத்தைத் தொட்டுக்கொண்டு தெற்கே நீண்டு போகும் ஒடுக்கமான காடு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் புலியும் சிங்கமும் காட்டுகிறோமே, அது இதன் ஓரத்தில் தனியாகப் பிரிக்கப்பட்ட உயிரியல் பூங்கா. காடு அதற்குப் பின்னால் இருக்கிறது. தெற்கில் அது கர்நாடகத்தின் காவிரி வனவிலங்குச் சரணாலயத்தோடும், கிழக்கில் நம் தமிழ்நாட்டுத் தளி, ஜவளகிரிக் காடுகளோடும் தொடர்புடையது. கேழ்வரகு விளையும் காலத்தில் யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி என்று நகரும். ஓசூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூங்காவுக்குள்ளேயே கரடிக்கல்-மாதேஸ்வரா என்ற குறுகிய யானைப்பாதைதான் வட பகுதியையும் தென் பகுதியையும் சேர்த்து வைத்திருக்கிறது.

ஒரு தேசியப் பூங்காவைச் சுற்றி, கல்குவாரியும் பெரும் தொழிற்சாலையும் வராமல் சூழல் உணர்திறன் மண்டலம் என்று ஒரு வளையத்தை மத்திய அரசு அறிவிக்கும். பன்னேர்கட்டாவுக்கு 2016இல் வந்த வரைவில் அந்த வளையம் 268.96 சதுர கி.மீ. சில இடங்களில் நாலரை கிலோமீட்டர் அகலம். 2020 மார்ச்சில் வந்த இறுதி அறிவிப்பில் 168.84 சதுர கி.மீ. அகலம் 100 மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரை மட்டும். அதாவது ஏறத்தாழ 100 சதுர கி.மீ. கையைவிட்டுப் போனது. நகரம் பெருகும் பக்கத்தில் நிலத்தின் விலை என்ன என்பது உங்கள் அடுக்குமாடியின் பத்திரத்திலேயே இருக்கும். காரணத்தைத் தேடி அலைய வேண்டாம்.

இந்த 100 சதுர கி.மீ. இந்தியாவின் சதவீதத்தை எவ்வளவு குறைத்தது? துளிகூடக் குறைக்கவில்லை. வளையம் பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் பட்டியலில் ஏறுவதில்லை. பூங்கா 2016இலும் 260.51, 2020க்குப் பிறகும் 260.51. யானை நடக்க வேண்டிய நிலம் சுருங்கியது, ஐ.நா. அட்டவணையில் ஒரு புள்ளியும் நகரவில்லை. "நன்றாக இணைந்த" என்று 3ஆவது இலக்கில் இருக்கும் சொல் மட்டும் இங்கே உடைந்தது. சதவீதத்தை வைத்து ஒரு நாட்டை மதிப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை போனதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில், மான்ட்ரியல் கூட்டத்துக்குச் சில வாரம் முன், தமிழ்நாடு 686 சதுர கி.மீ. பரப்பில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தை அறிவித்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகள் அவை. காவிரி வடக்கையும் கர்நாடகப் பக்கத்துக் காவிரி சரணாலயத்தையும் அது இணைக்கிறது. சதவீதமும் ஏறியது, இணைப்பும் கிடைத்தது. வெறும் எண்ணுக்காக அறிவிப்பவர்கள் யாருக்கும் வேண்டாத ஏதோ ஒரு மலைமுகட்டைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். உலகெங்கும் காப்பகங்கள் உயரமான, தொலைவான, உழவுக்கு உதவாத நிலத்திலேயே குவிந்திருக்கின்றன என்பது ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் குறை. எதிர்ப்பு குறைவாக இருக்கும் இடத்தில் கையெழுத்து வேகமாக விழும்.

அதனால்தான் சமவெளியும் புல்வெளியும் எப்போதும் கடைசியில் நிற்கின்றன. நகரின் வடமேற்கே ஹெசரகட்டாவைப் பாருங்கள். அர்க்காவதி ஆற்றில் 1894இல் பெங்களூருக்குக் குடிநீர் தரக் கட்டிய ஏரி, அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஏக்கர் புல்வெளி. குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் வந்து புல்லுக்கு மேல் தாழப் பறக்கும். மரம் இல்லாததால் அரசாங்கக் கண்ணுக்கு அது காலி நிலம். தரிசு என்று எழுதிவிட்டு, வேறெங்கோ வெட்டிய காட்டுக்கு ஈடாக இங்கே மரம் நடலாம் என்று யோசிக்கும் வழக்கம் நாடு முழுக்க இருக்கிறது. புல்வெளியில் மரம் நடுவது அதை அழிப்பதற்குச் சமம். இதைப் பாதுகாப்புக் காப்பகமாக்கும் முன்மொழிவை மாநில வனவிலங்கு வாரியம் 2021இல் ஒதுக்கித் தள்ளியது. வழக்கு, மறுபரிசீலனை என்று இழுத்து 2024இல் அதே வாரியம் ஒப்புக்கொண்டது. ஐயாயிரத்துச் சொச்சம் ஏக்கர், தேசியக் கணக்கில் தெரியவே தெரியாது. ஆனால் "பல வகையான வாழிடங்களையும் பிரதிபலிக்க வேண்டும்" என்ற நிபந்தனைக்கு அது பெரிய சேர்க்கை. இன்னொரு பசுமைமாறாக் காட்டை அறிவிப்பதைவிட இது முக்கியம் என்பது என் கட்சி.

அப்புறம் மனிதர்கள். காப்பகம் என்றாலே உள்ளே இருப்பவர்களை வெளியேற்றுவது என்று உலகம் முழுக்க ஒரு பழக்கம் இருந்தது. மான்ட்ரியலில் பழங்குடி அமைப்புகள் கவலைப்பட்டதும் இதற்குத்தான்: 30 சதவீதம் என்றால் இன்னும் எத்தனை ஊர் காலியாகும்? சாமராஜநகர் மாவட்டத்தில், நம் சத்தியமங்கலம் காட்டுக்கு அடுத்து, பிலிகிரிரங்கன் மலை இருக்கிறது. அங்கே சோளகர்கள் (கர்நாடகத்தில் சோலிகர் என்பார்கள்) 1974இல் சரணாலய அறிவிப்போடு காட்டுக்குள்ளிருந்து ஓரத்துக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். 2011இல் அது புலிகள் காப்பகமும் ஆனது. அதே ஆண்டு, 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் அவர்களுடைய கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் இப்படி உரிமை தரப்பட்டது இந்தியாவில் அதுவே முதல் தடவை. வெளியேற்றாமலும் புலி காக்கலாம் என்பதற்கு இன்று எல்லோரும் காட்டும் இடம் அது.

அங்கே இன்னொரு பாடமும் உண்டு. சோளகர்கள் கோடை தொடக்கத்தில் சருகுக்கு இலேசாகத் தீ வைப்பார்கள். தரகு பெங்கி என்று பெயர். காப்பகச் சட்டம் வந்ததும் தீக்குத் தடை. பிறகு உன்னிச்செடி காடு முழுக்க மண்டியது. தடைதான் காரணம் என்பது சோளகர்கள் சொல்வது. பெங்களூர் ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். உன்னி அடர்ந்த இடத்தில் புல் முளைக்காது, புல் இல்லாத இடத்தில் மானும் காட்டெருமையும் எதை மேயும்? வரைபடத்தில் அந்த நிலம் முழுக்கப் பச்சை, முழுக்கப் "பாதுகாக்கப்பட்டது".

கடலைப் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவின் பிரத்தியேகப் பொருளாதார மண்டலம் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீனுக்கும் கனிமத்துக்கும் நாம் உரிமை கொண்ட கடல்) 20 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல். அதில் 30 சதவீதம் என்றால் 6 லட்சம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய தேசியப் பூங்கா 560 சதுர கி.மீ., 2022இல் பாக் விரிகுடாவில் அறிவித்த கடற்பசுக் காப்பகம் 448 சதுர கி.மீ. எல்லாம் சேர்த்தாலும் ஒரு சதவீதத்தைத் தொடாது. நிலக்கணக்கில் சமாளிப்பதுபோல் கடலில் முடியாது. விசைப்படகா நாட்டுப்படகா என்ற தகராறையே தீர்க்காத நாம் கடலில் 30ஐ எப்படித் தொடுவோம் என்று எனக்குப் புரியவில்லை.

பணம்: ஆண்டுக்கு 20,000 கோடி டாலர் திரட்டுவது, அதில் 2025க்குள் ஆண்டுக்கு 2,000 கோடி வளர்ந்த நாடுகளிடமிருந்து வளரும் நாடுகளுக்குப் போவது என்று மான்ட்ரியலில் எழுதினார்கள். 2024இல் கொலம்பியாவின் காலி நகர மாநாடு இதில் முட்டிக்கொண்டு முடிவில்லாமல் கலைந்தது. 2025 பிப்ரவரியில் ரோமில் மறுபடி கூடித்தான் ஒரு வழிக்கு வந்தார்கள். அதே காலி மாநாட்டில்தான் இந்தியா தன் புதிய தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 23 தேசிய இலக்குகள், 3ஆவதில் 30 சதவீதம்.

உங்கள் கடைசிக் கேள்வி, நமக்கு என்ன என்பது. இரண்டு வேலை சொல்கிறேன். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் ஒரு உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடு தயாரிக்க வேண்டும். உங்கள் பகுதி ஏரி அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் பதிவேடு அலமாரியில் பத்திரமாக இருக்கும், ஏரிதான் இருக்காது.

இரண்டாவது இன்னும் முக்கியம். சூழல் உணர்திறன் மண்டலத்துக்கு வரைவு அறிவிப்பு வந்தால் ஆட்சேபணை சொல்ல யாருக்கும் 60 நாள் அவகாசம் உண்டு. மண்டலத்துக்குள் உங்களுக்கு நிலம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அரசிதழில் அது இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். பன்னேர்கட்டா காட்டோரம் ராகிஹள்ளியிலோ தளியிலோ கேழ்வரகு போடுபவர் கைக்கு அது போய்ச் சேருவதற்குள் 60 நாள் ஓடிவிடும். வரைவைப் பிரித்ததும் முன்னுரையை விட்டுவிடுங்கள். அதில் சிறுத்தையும் சந்தன மரமும் அழகாகப் பட்டியலிடப்பட்டிருக்கும். நேரே பின்னிணைப்புக்குப் போனால் எல்லைப் புள்ளிகளும் கிராமங்களின் பெயர்களும் இருக்கும். பழைய வரைவில் இருந்து புதியதில் காணாமல் போன கிராமம் எது என்று ஒப்பிட்டு, அந்தப் பெயரைக் குறிப்பிட்டு எழுதி அனுப்புங்கள்.